அடைக்கலமேரி போட்ட குறுக்குக் கோடுகள்

ஒன்பது நாட்டுப் பெண்கள் கூடி நடத்துகிற ஒரு பேரவையில் ஆவூர்ப் பக்கத்து அடைக்கலமேரியும் ஓர் ஆள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் புருஷன் இன்னாசியே நம்பவில்லை. "ஒன்னையவா கூப்புட்டாக? எதுக்கு, சோறாக்கவா?" என்று கேட்டுவிட்டு, அவள் பார்த்த பார்வையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடையைக் கட்டினார். ஆனால் விஷயம் உண்மைதான். பெண்களையும் பாலினத்தையும் பற்றி உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற பன்னாட்டுப் பேரவை அது. அதை நடத்துவதற்கு ஓர் ஆட்சிக்குழு. குழுவில் ஒன்பது இடம். எட்டில் பேராசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது இடம் 'களத்துப் பெண்'ணுக்கு என்று அவர்களே விதி எழுதி ஒதுக்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அடைக்கலமேரிக்கு அந்த இடம் வந்தது.

வந்ததற்குக் காரணம் அவள் ஒரு நாள் கையில் எடுத்த பேனா.

அது பழைய கதை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவர்களுடைய ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஊராட்சியின் பெயர் இங்கே வேண்டாம், இன்னும் அங்கே குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடைக்கலமேரி தலைவராக நின்றாள் என்பதைவிட நிறுத்தப்பட்டாள் என்பதுதான் சரி. ஜெயித்தாள். துணைத் தலைவர் ஆத்மநாதன். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை, வார்த்தைக்கு வார்த்தை தலைவரம்மா. "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க தலைவரம்மா. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுறோம்" என்றார். நல்லா பார்த்துக்கொண்டார் மனுஷன்!

மாதத்துக்கு ஒரு தடவை கிளார்க் தீர்மானப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். மூன்று நான்கு பக்கங்கள் வெறுமையாக இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அரிசி களைந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு அந்தக் குறிகளுக்கு மேல் அடைக்கலமேரி கையெழுத்துப் போடுவாள். கூட்டம் எப்போது நடந்தது, யார் என்ன பேசினார்கள், எதைத் தீர்மானித்தார்கள், ஒன்றும் தெரியாது. அதெல்லாம் பிறகு ஆத்மநாதன் வீட்டில் நிதானமாக எழுதப்படும். இந்தப் பக்கத்தில் பாதி ஊராட்சிகள் இப்படித்தான் ஓடின. கேட்டால், பொம்பளைகளை எதற்குக் கூட்டத்துக்கு அலைக்கழிக்க வேண்டும் என்பார்கள். என்ன ஒரு கரிசனம்!

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அந்தக் கோடையில் அவள் தெருவுக்கு வர வேண்டிய மேல்நிலைத் தொட்டி, ஆத்மநாதன் தோட்டத்து ஓரமாக எழும்பி நின்றது. அடைக்கலமேரி வரிந்து கட்டிக்கொண்டு கேட்கப் போனாள். ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். தொட்டியை இடம் மாற்றச் சொல்லித் தலைவரே முன்மொழிந்ததாக எழுதியிருந்தது. அடியில் அவள் கையெழுத்து, கொம்பு சுழித்து, அச்சு அசலாக. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வீடு திரும்பினால் வாசலில் அவள் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். "ஏத்தா, நீயே எங்க தண்ணியத் தூக்கிக் குடுத்துட்டியாமே?" என்று ஒருத்தி கேட்டாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கிளார்க் வீட்டுக்குப் போனாள். புத்தகத்தைக் கொடு என்றாள். கையெழுத்து இருந்து எழுத்து இல்லாத பக்கங்கள் இருபத்துமூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குக் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். இனி அதில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுத முடியாது. கிளார்க் முகத்தில் ஈயாடவில்லை. ஆத்மநாதன் வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து ஓடி வந்தார்.

"என்ன தலைவரம்மா, அரசாங்கப் புத்தகத்தப் பாழாக்கிப்புட்டீங்களே!"

"பாழாக்கல. கோடுதான் போட்டேன். இனிமே எழுதிக் கொண்டாங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்."

அதற்குப் பிறகு அவள் வெற்றுத் தாளில் கை வைத்ததில்லை. தபால்காரர் நீட்டுகிற அட்டையைக்கூடப் புரட்டிப் பார்ப்பாள். தம்பி மகன் ஜஸ்டின் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டபோது, கோயில் பதிவேட்டை முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பங்குச் சாமியார் பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார், பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நின்றார்கள், பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. "அத்தை, அதுல எங்க பேருதான் இருக்கு" என்று ஜஸ்டின் கெஞ்சினான். "இருக்கட்டும், பாத்துக்கிடுறேன்" என்றாள்.

கோடு போட்ட செய்தி ஒரு பத்திரிகையில் பெட்டிச் செய்தியாக வந்தது. பதவிக்காலம் முடிந்தது. ஊர் மறந்தது. பல வருஷம் கழித்து அந்தச் செய்தியின் நகலை வைத்துக்கொண்டு கீரனூரிலிருந்து சத்யபிரியா வந்தாள். தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். உள்ளாட்சியில் ஜெயித்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. சுறுசுறுப்பு, நல்ல வாய், பெரியவர்களிடம் மரியாதை. அடைக்கலமேரிக்கு அவளைப் பார்த்த நாளிலேயே பிடித்துப்போயிற்று. பேரவையின் தலைவி இங்கிரிட் என்ற வெளிநாட்டு அம்மாளை அவள்தான் ஆவூருக்கு அழைத்து வந்தாள். அந்த அம்மாள் குறுக்குக் கோட்டின் கதையைக் கேட்டுக் கண் கலங்கினாள், அடைக்கலமேரியின் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள், மீன் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சத்யபிரியாவின் ஆராய்ச்சிக்காக நாற்பத்தொரு பெண்களின் குரலைப் பதிவு செய்ய வேண்டும், செலவைப் பேரவை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எல்லாரும் வார்டு உறுப்பினராகவோ தலைவராகவோ இருந்தவர்கள். சத்யபிரியா தனியாகப் போனால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். அடைக்கலமேரி கூடப் போனாள். அவள் முகத்துக்காகப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருத்தி செங்கமலம்.

செங்கமலத்துக்கு விராலிமலைப் பக்கம். வார்டு உறுப்பினர். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். ஒரே மகன் திருமுருகன், மண் அள்ளுகிற பொக்லைன் இயந்திரம் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். அடைக்கலமேரி போன அன்றைக்கு அவன் வீட்டில் இல்லை. செங்கமலம் கதவைச் சாத்திவிட்டு, டிவியை நிறுத்திவிட்டு, பதிவுக் கருவியைப் பார்க்காமல் அடைக்கலமேரியையே பார்த்துப் பேசினாள்.

"கம்மாயில மண்ணு அள்ள அனுமதி குடுத்து ஒரு தீர்மானம் அக்கா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னேன். அவன் என்னையக் கன்னத்துல அடிச்சான். பெத்த பிள்ள. ரெண்டு தடவ அடிச்சான். மூணாவதா கைய ஓங்குனான், போட்டுட்டேன். என் கூடப்பொறந்தவககிட்டகூட இதச் சொன்னதில்ல."

சொல்லி முடித்ததும் பயந்துபோனாள். "இது எங்கயும் போயிராதுல்ல? பிள்ளைக்குப் பொண்ணு பாக்குறேன்."

"இந்தப் பிள்ளையோட படிப்புக்குத்தான். இந்த மிசினத் தாண்டி வெளிய போகாது. நான் இருக்கேன்ல?" என்று அடைக்கலமேரி அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க சொல்றீகளேன்னுதான் அக்கா."

இப்படியே மற்ற நாற்பது பேருக்கும் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கு அவள் தலையில் இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம்தான் ஒன்பதாவது இடம் வந்தது. சேர்வதற்கு ஒரு படிவம், பதினொரு பக்கம், எல்லாம் ஆங்கிலம். சத்யபிரியா அதைக் கொண்டுவந்தபோது அடைக்கலமேரி வழக்கம்போல, "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றாள்.

"சும்மா ஃபார்மாலிட்டி மேரியம்மா. உறுப்பினரா இருக்கச் சம்மதம், விதிகளுக்குக் கட்டுப்படுறேன், இதுதான். முழுசும் படிச்சா ஆறு மணி பஸ்ஸு போயிரும்."

"இங்கன புள்ளி புள்ளியா எடம் விட்டிருக்கே?"

"அது என்ன எழுதணும்னு கேட்டுட்டு நானே நிரப்பிக்கிறேன்."

அடைக்கலமேரி தாள்களைப் புரட்டினாள். பெண்கள் பெண்களுக்காக நடத்துகிற இடம். இதில் என்ன ஓர் ஆத்மநாதனா இருக்கப் போகிறார்? தன் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்ட அம்மாளையும், மகளைப் போலக் கூடவே சுற்றிய இந்தப் பெண்ணையும் சந்தேகப்பட்டால் நாம் என்ன மனுஷி என்று நினைத்தாள். நினைத்துக் கையெழுத்தைப் போட்டாள். பதிவேட்டைப் படிக்காமல் தம்பி மகன் கல்யாணத்தையே நிறுத்தி வைத்தவள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றதும் போட்டுவிட்டாள். என்னத்தைச் சொல்ல!

கூட்டங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஐந்தரைக்கு. கீரனூரில் சத்யபிரியா வீட்டு மாடியில் கணினி முன்னால் உட்காருவார்கள். திரையில் ஒன்பது கட்டம், ஒன்பது முகம். சத்யபிரியா காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலையும் அவளுடையதுதான். முதல் கூட்டத்தில் பேரவையின் சின்னத்தில் இருக்கிற பறவை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நாற்பது நிமிஷம் பேசினார்கள். "எங்கிட்டுப் பாத்தா என்னடி? பறக்குதான்னு கேளு" என்றாள் அடைக்கலமேரி. சத்யபிரியா அதை மொழிபெயர்க்கவில்லை, சிரித்துவிட்டாள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், நம் களத்துத் தோழி என்ன சொல்கிறாள் என்று இங்கிரிட் கேட்பாள். அடைக்கலமேரி எதைச் சொன்னாலும் எட்டு முகமும் மலர்ந்து தலையாட்டும். இவ்வளவு மரியாதையை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வரும்போது மனசு குளிர்ந்திருக்கும். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன மாசி மாதக் கூட்டத்தில் ஏழாவது பொருள் வந்தது. நாற்பத்தொரு குரல் பதிவுகளையும் யார் வேண்டுமானாலும் கேட்கிற மாதிரி இணையத்தில் போட வேண்டும் என்று தீர்மானம். பெயர் போடாமல், ஊராட்சியும் வார்டு எண்ணும் மட்டும் போடுவார்களாம். கேட்டதும் அடைக்கலமேரி சத்யபிரியா பக்கம் திரும்பினாள்.

"வேணாம்னு சொல்லு சத்யா. வார்டு நம்பரப் போட்டா ஊருக்கே தெரியுமே, அது யாருன்னு! வெளிய போகாதுன்னு நான் சொல்லியிருக்கேன். நான் சம்மதிக்க மாட்டேன்."

சத்யபிரியா அப்படியே சொன்னாள். அதில் குறை சொல்ல முடியாது. இங்கிரிட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள். பெண்களின் குரலைக் காலம் காலமாகப் பூட்டி வைத்தார்கள், நாமும் பூட்டி வைத்தால் அதுவும் ஒரு வன்முறை இல்லையா என்று கேட்டாள்.

"பூட்டுனது நாங்க. சாவி எங்க கையில இருக்கு. தொறக்கணும்னா அவுககிட்ட கேக்கணும்" என்றாள் அடைக்கலமேரி.

எட்டு முகமும் தலையாட்டின. ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இது மிக ஆழமான கருத்து, இதைப் பற்றி எல்லாரும் யோசிப்போம் என்று சொல்லி இங்கிரிட் கூட்டத்தை முடித்தாள். தீர்மானம் நின்றுபோயிற்று என்று நினைத்து அடைக்கலமேரி நிம்மதியாக வீடு வந்தாள். நம்ம ஊர்க் கூட்டமாக இருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள், நாற்காலியைத் தள்ளியிருப்பார்கள். எதிராளி யார் என்றாவது தெரிந்திருக்கும்.

ஆனி மாதம் ஒரு காலை. ஆவூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஆத்மநாதன் பத்துப் பேர் நடுவே உட்கார்ந்திருந்தார். முடி வெளுத்துவிட்டது, வெற்றிலை மட்டும் அப்படியே. அடைக்கலமேரியைக் கண்டதும் கையிலிருந்த போனைச் சத்தமாக வைத்தார். "வாங்க தலைவரம்மா, ஒங்க ஆளு பேசுது, கேளுங்க."

போனிலிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. ரெண்டு தடவ அடிச்சான். மூணாவதா கைய ஓங்குனான், போட்டுட்டேன். டீக்கடையில் ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன், "அட, நம்ம பொக்லைன் திருமுருகனோட ஆத்தாடா" என்றான். அடைக்கலமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.  சிங்கப்பூரில் இருக்கிற செங்கமலத்தின் உறவுக்காரன் எவனோ இணையத்தில் பார்த்துவிட்டுக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான். அங்கிருந்து விராலிமலை, விராலிமலையிலிருந்து இங்கே. ஆவணியில் திருமுருகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெத்தவளையே அடிக்கிறவன் நாளைக்கு எங்கள் பெண்ணை என்ன செய்ய மாட்டான் என்று பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிவிட்டார்கள். திருமுருகன் எங்க ஆத்தா செத்துட்டா என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். இவ்வளவையும் ஆத்மநாதன் டீயை ஆற்றிக்கொண்டே சொல்லி முடித்தார்.

அடைக்கலமேரி போகவிருந்த வேலையை விட்டுவிட்டுக் கீரனூர் பஸ்ஸைப் பிடித்தாள். சத்யபிரியா மாடியில் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். இங்கிரிட் வேலை பார்க்கிற பல்கலைக்கழகத்திலேயே அவளுக்கு இரண்டு வருஷம் இடம் கிடைத்திருந்தது. அடைக்கலமேரியின் முகத்தைப் பார்த்ததும் மடித்த துணி கையிலேயே நின்றது.

"நான் வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேரியம்மா."

"அப்பறம் எப்படி ஏத்துனாக?"

சத்யபிரியா கணினியைத் திறந்து கூட்டக் குறிப்பைக் காட்டினாள். ஏழாவது பொருளுக்கு நேரே ஒரே வரி.  அடைக்கலமேரி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "படி" என்றாள்.

"ஆட்சிக்குழு ஒருமனதாக நிறைவேற்றியது."

"ஒருமனதாவா? என் மனசு எங்க போச்சு?"

சத்யபிரியா படிவத்தின் எட்டாம் பக்கத்தை எடுத்தாள். ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவில் கடிதம் மூலம் முடிவெடுக்கிற விஷயங்களில், என் வாக்கைப் போடுகிற உரிமையைப் பின்வருபவருக்குத் தருகிறேன் என்று இருந்தது. புள்ளிக்கோட்டின் மேல் இங்கிரிட்டின் பெயர். சத்யபிரியாவின் கையெழுத்தில். அடியில் அடைக்கலமேரி என்று கொம்பு சுழித்த கையெழுத்து. கூட்டம் முடிந்த பத்தாம் நாள் இங்கிரிட் எல்லாருக்கும் கடிதம் அனுப்பி ஓட்டு எடுத்திருக்கிறாள். ஒன்பதாவது ஓட்டையும் அவளே போட்டிருக்கிறாள்.

"அந்தக் கடிதம் எனக்கு வந்துச்சா?"

"உங்க பேர்ல நான் தொறந்து வச்ச மெயிலுக்கு வந்துச்சு."

"நீ சொல்லல."

"சொன்னா நீங்க தகராறு பண்ணுவீங்க. எனக்கு அப்பத்தான் இன்டர்வியூ." சத்யபிரியா அழுதாள். அழுதுகொண்டே, தப்பிக்க வழி இல்லாதவர்கள் சொல்கிற ஒன்றையும் சொல்லிவிட்டாள். "நீங்கதானே மேரியம்மா கையெழுத்துப் போட்டீங்க!"

அடைக்கலமேரிக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. வந்தது வெட்கம். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த வீரம் அந்தப் புள்ளிக்கோட்டில் மல்லாந்து கிடந்தது. ஆத்மநாதனாவது பென்சிலால் குறி போட்டு, இங்கே போடுங்க என்று கேட்டு வாங்கினார். இவர்கள் கட்டிப்பிடித்து வாங்கினார்கள்.

அடுத்த புதன்கிழமை கூட்டம். திரையில் ஒன்பது முகமும் வந்ததும் அடைக்கலமேரி ஒருவரையும் பேச விடவில்லை. "ரெண்டு விஷயம். அந்தப் பதிவை இன்னைக்கே எடுக்கணும். நான் வேணாம்னு சொன்னத குறிப்புல எழுதணும்" என்றாள். சத்யபிரியா குனிந்த தலையோடு மொழிபெயர்த்தாள். இங்கிரிட்டின் முகம் வாடியது. நடிப்பு என்று சொல்ல முடியாது, உண்மையாகவே வருந்தினாள். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! பழைய குறிப்பைச் சென்ற கூட்டத்தில் ஏற்றுக்கொண்டாகிவிட்டது, இனித் திருத்த வழியில்லை என்றாள். அன்றைக்குச் சத்யபிரியா அதை மட்டும் அடைக்கலமேரியின் காதில் போடவே இல்லை. பதிவை எடுப்பது பற்றித் ஆராய்ச்சி நெறிகளைப் பார்க்கிற உட்குழு புரட்டாசியில் கூடும்போது பேசலாம் என்றாள். அதுவரை அந்தச் சகோதரிக்கு நம் எல்லாருடைய ஆதரவையும் தெரிவித்து ஒரு தீர்மானம் போடலாமா என்றும் கேட்டாள். எட்டுப் பேரும் கையைத் தூக்கினார்கள். ஒன்பதாவது கட்டத்தில் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவளை யாரும் எண்ணவில்லை. சத்யபிரியா அந்தக் குறிப்பை எழுதும்போது அடைக்கலமேரி திரையைப் பார்க்காமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமனதாக என்றுதான் விரல் அடித்தது.

"இந்த எடத்த விட்டு இறங்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். படியிறங்கும்போது பின்னாலிருந்து மேரியம்மா, மேரியம்மா என்று கேட்டது. திரும்பவில்லை.

மறுநாள் பகலில் விராலிமலைக்குப் போய்ச் செங்கமலத்தின் வாசலில் நின்றாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள், ஒன்றும் தேறவில்லை. கதவு திறந்தே இருந்தது. செங்கமலம் இளைத்துப்போயிருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அடைக்கலமேரி எதிர்பார்த்தாள். அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"வாங்க தலைவரம்மா" என்றாள் செங்கமலம். அக்கா என்ற அழைப்பு போய்விட்டது. பாயை விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"செங்கமலம், நான் ஏமாந்துட்டேன்த்தா. எனக்குத் தெரியாமப் பண்ணிட்டாளுக."

"ம்."

"நான் வேணாம்னுதான் சொன்னேன். சத்தியமா சொன்னேன்."

"சொல்லியிருப்பீங்க." செங்கமலம் அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. யார் தப்பு என்கிற ஆராய்ச்சி அவளுக்குத் தேவைப்படவில்லை. உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். மடிப்புக் கலையாத வெள்ளைத் தாள். அடியில் வலது ஓரத்தில் அவள் கையெழுத்து. அதற்கு இடது பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. மற்றபடி பக்கம் முழுக்க வெறுமை.

"திருமுருகன் ஆள் விட்டிருந்தான். நான் பேசுனதெல்லாம் பொய்யின்னு எழுதிக் குடுத்தா வீட்டுக்கு வாரேங்குறான். பொண்ணு வீட்டுலயும் காட்டணுமாம். சாட்சிக்கு ஒங்க கையெழுத்து வேணுமாம். பேச வச்சது நீங்கதான்னு எல்லாருக்கும் தெரியும்ல."

"என்ன எழுதப் போறான்?"

"தெரியல. அவன் எழுதிக்கிடுவான்."

அடைக்கலமேரி தாளைக் கையில் வாங்கினாள். அதில் என்னவெல்லாம் எழுத முடியும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? செங்கமலத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதலாம். வீட்டை மகன் பேருக்கு எழுதி வைத்ததாக எழுதலாம். அடைக்கலமேரிதான் பொய் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தாள் என்றும் எழுதலாம், அதற்கும் அவளே சாட்சி.

"எழுதுனப்பறம் போடுறேன் செங்கமலம். அவன வரச் சொல்லு, என் முன்னாடி எழுதட்டும். ஒரு வரி படிச்சுப் பாத்துட்டு..."

"அவன் வர மாட்டான்." செங்கமலம் பென்சில் குறியைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு அவன விட்டா யாரு இருக்கா? அடிச்சாலும் அவன்தான் எனக்குக் கஞ்சி ஊத்தணும். பேசுன்னீங்க, பேசுனேன். இப்பப் போடுங்கன்னு கேக்குறேன், போட்டுட்டுப் போங்க."

அடைக்கலமேரி பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். பழக்கம் அவளையும் மீறிப் பேனாமுனையைத் தாளின் மேல் மூலைக்குக் கொண்டுபோனது. செங்கமலம் சட்டென்று குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தலைவரம்மா, கோடு போட்டுறாதீங்க."

 அடைக்கலமேரி பேனாவைக் கீழே கொண்டுவந்து, பென்சில் குறிக்கு மேல், கொம்பு சுழித்துக் கையெழுத்தைப் போட்டாள்.